படம் வந்தபிறகு

கும்பகோணத்தில் சித்தீக் மாமாவிடம் மூன்று அறுவடை மிஷின்கள். கதிர் முற்றிவிட்டால் நன்னிலம் வரையுள்ள ஊர்களிலிருந்து போன் மேல் போன் வரும். ஒரே மிஷினை இரண்டு பேருக்கு ஒப்புக்கொண்டு, வரப்பில் நின்று வசவு வாங்குவார். அதனால்தான் பதிவுக்கு ஒரு வெப்சைட் கேட்டார். செய்து கொடுத்தேன். பின்னணியில் விளைந்த வயல் போட்டோ வேண்டுமென்றார்; அதையும் போட்டேன்.

"என்ன ஷமா, முதல்ல வெள்ளையா வருது, அப்புறம் படம் துண்டு துண்டா எறங்குது. அசிங்கமா இருக்கு. படம் முழுசா வந்தப்புறம் பக்கத்தைத் தொற."

பின்னணிப் படம் அழுத்தக்காரப் பிள்ளை. வந்து சேர்ந்தாலும் வாய் திறக்காது. அதே படத்தை மறைவில் சாதாரணப் படமாக வரவழைத்து, அது 'வந்துவிட்டேன்' என்றதும், அதுவரை பக்கத்தை மூடி வட்டம் சுற்றும் திரையை விலக்க வேண்டும்.

"போட்டோ சைஸையாவது குறைக்கிறேன் மாமா. வயக்காட்டுல சிக்னல் ஏது?"

"பெரிய கேமரா வாடகைக்கு எடுத்துப் புடிச்ச படம். கெடுத்துடாத. இனிமே போன்ல யாருக்கும் மிஷின் கெடையாது, எல்லாம் வெப்சைட்தான்."

தலையில் அடித்துக்கொண்டு அப்படியே புரோகிராம் எழுதினேன்.

தை மாதம். வானம் கறுத்துக் கிடந்த ஒரு மதியம், நன்னிலம் பக்கத்திலிருந்து, மாமாவிடம் வழக்கமாக மிஷின் எடுக்கும் வைரக்கண்ணு அக்கா என்னைக் கூப்பிட்டார். குத்தகை நிலம். நெல் முற்றி நிற்கிறது. விடிந்தால் மழை என்று டிவியில் சொல்லிவிட்டார்கள்.

"பாப்பா, காலையிலேருந்து வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. பேரு போட எடமே வரல."

யா அல்லாஹ்! எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. மாமாவைக் கேட்கவில்லை. அந்தத் திரையைத் தூக்கிக் கடாசினேன். பதிவுக் கட்டங்கள் முதலில் வரட்டும், படம் வரும்போது வரட்டும்.

"இப்பத் தொறங்கக்கா."

திறந்தது. ஆனால் அதற்குள் சிக்னல் உள்ள ஊர்க்காரர்கள் மூன்று மிஷினையும் பிடித்திருந்தார்கள். அக்காவுக்கு மறுநாள்தான் கிடைத்தது.

"உங்க போட்டோவால ஒரு பொம்பள வயல்ல தவிக்கிறாங்க மாமா!" என்று கத்தினேன். அவர் தெரிந்த மிஷின்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுக் கெஞ்சினார். ஒன்றும் காலியில்லை. விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது.

காலையில் மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கர் போட்டுக் கூப்பிட்டேன்.

"அக்கா, நெல்லு?"

"சாஞ்சு தண்ணியில கெடக்கு பாப்பா."

மழைச் சத்தத்துக்கு மேல் அக்காவே குரலை உயர்த்திச் சொன்னார்.

"அந்தப் படம் இப்பத்தான் முழுசா வந்துச்சு. அதுல நெல்லு நல்லா நிமிந்து நிக்குது."