குகைக்குள் போன ரயில்

அண்ணன் மகாதேவன் போனில் கெஞ்சியபோது உமா மகேஸ்வரிக்கு முதலில் வந்தது சிரிப்புதான்.

"ரயில் ஓடமாட்டேங்கு உமா. பாலத்துல ஏறினதும் முக்குது, நிக்குது. சாயங்காலம் மகளிர் மன்றத்துல இருந்து கொலு பாக்க வாராவ. ஒன் மதினி காலைலருந்து ஒரு வாய் சாப்பிடல."

"மதினியே செஞ்ச ரயிலுதான? அவங்களே பாக்கட்டும்."

அண்ணன் மெதுவாக, "நீ வாட்டி" என்றான்.

"வாரேன்" என்றாள் உமா. போனை வைத்ததும் மேசை இழுப்பறையைத் திறந்தாள். மல்டிமீட்டர், சின்ன அரம், மை அழிக்கும் ரப்பர், பற்றவைக்கும் கம்பி எல்லாம் பைக்குள் போயின. பழைய கட்டில் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்த பெட் சுவிட்சையும் வயரோடு கழற்றிப் போட்டுக்கொண்டாள். ரிப்பேருக்கு அது தேவையே இல்லை. வேறொன்றுக்குத் தேவைப்பட்டது.

செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் மலைப்பாதை முழுவதையும் ஒரு கட்டில் அளவுப் பலகையில் உமாதான் செய்திருந்தாள். தண்டவாளக் கரண்டிலேயே விளக்கு எரியும் பதிமூன்று கண் பாலம், குகை, ஓரமாகச் சின்ன மோட்டாரில் தண்ணீர் விழும் குற்றால அருவி. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் வேலை பார்த்துக்கொண்டே, தென்காசியில் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, நவராத்திரிக்கு நவராத்திரி கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்தது. ஆனால் கொலு என்பது பிறந்த வீட்டுக் கொலு. பொம்மைகளைப் பிரிக்கக் கூடாது, படி வீடு மாறக் கூடாது. அம்மா போனபின் எல்லாம் இலஞ்சி வீட்டு மருமகள், மதினி இராமலட்சுமியின் பொறுப்புக்கு வந்தது. கொலுவில் வைக்கக் கொண்டுபோன ரயிலும் அங்கேயே தங்கிவிட்டது.

அதுகூடப் பரவாயில்லை. போன வருஷம் லோக்கல் சேனலிலிருந்து கேமராவோடு வந்த பெண், "இத யாரு செஞ்சது?" என்று கேட்டாள். உமா மேசைக்கு அடியிலிருந்து அப்போதுதான் தலையை வெளியே நீட்டினாள். மதினி கேமராவைப் பார்த்து, "நானேதான். ஒவ்வொண்ணா பாத்துப் பாத்துச் செஞ்சேன். இவ என் நாத்தனா. கூடமாட ஒயர் எடுத்துக் குடுப்பா" என்றாள். அந்த வீடியோ சொந்தக்காரர் எல்லோர் போனுக்கும் போனது. மறுநாள் ஆபீஸில் லைன்மேன்கள்கூட, "மேடம், ஒயர் எடுத்துக் குடுக்கவா?" என்று கேட்டார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் உமா ஒரு வருஷமாக மென்றுகொண்டிருந்தாள். மதினி அதே வாயால், அதே மாதிரி நாலு பேர் முன்னால், அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குக் குறைந்து எதுவும் வேண்டாம்.

இலஞ்சியில் வண்டியை நிறுத்தியபோது மலைப்பக்கமிருந்து சாரல் அடித்தது. இராமலட்சுமி புதுப் பட்டுச்சேலையில் வாசலுக்கு வந்தாள்.

"வா உமா. என்னமோ லூஸ் கனெக்‌ஷன்னு நெனைக்கேன். நீ ஒரு தட்டுத் தட்டினா சரியாயிரும்."

"தட்டினா சரியாகதுக்கு அது நம்ம வீட்டுப் பழைய டிவி இல்ல மதினி."

உமா கரண்ட் அளக்கும் மல்டிமீட்டரின் இரண்டு முள்ளையும் தண்டவாளத்தின் மேல் வைத்தாள். பொம்மை ரயிலில் இருப்பது ரொம்ப எளிமையான சங்கதி. இரண்டு தண்டவாளத்தில் ஒன்று கரண்டைக் கொண்டுபோகிறது, மற்றது திரும்பக் கொண்டுவருகிறது. எஞ்சினின் சக்கரங்கள் இரண்டையும் தொட்டுக்கொண்டு ஓடுவதால் உள்ளே இருக்கும் மோட்டார் சுற்றுகிறது. தண்டவாளம் ஒரே நீளமாக வராது. துண்டு துண்டாக வரும். ஒரு துண்டையும் அடுத்த துண்டையும் சேர்ப்பது விரல் நகம் அளவுள்ள ஒரு தகடு. கரண்ட் அந்தத் தகட்டின் வழியாகத்தான் தாண்ட வேண்டும். தகட்டுக்குள் அழுக்கு இருந்தால் ஒவ்வொரு தாண்டலிலும் கொஞ்சம் தேய்ந்துபோகும். வாய்க்காலில் தலைமடைக்காரன் வயல் நிரம்பி வழியும்போது கடைமடைக்காரன் வானத்தைப் பார்ப்பான் அல்லவா, அந்தக் கதைதான். வயர் வந்து சேரும் ஸ்டேஷன் பக்கம் மீட்டர் முழுசாகக் காட்டியது. பாலத்துப் பக்கம் நகர நகர இறங்கிக்கொண்டே போனது. பாலத்தின் நடுவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு தகட்டின் மேலும் காய்ந்துபோன ஒரு மஞ்சள் வட்டம். நடுவில் சிவப்பு.

"மதினி, இதென்ன?"

"சந்தனம் குங்குமம். போன வருசம் ஆயுத பூசைக்கு வச்சேன். மிக்சிக்கு வைக்கோம், தையல் மிசினுக்கு வைக்கோம், ரயிலுக்கு வைக்காண்டாமா?"

"எஞ்சினுக்கு ஒரு பொட்டு வச்சா போதாதா? ஜாயின்ட் ஜாயின்ட்டா வச்சிருக்கியளே."

"அதான முக்கியமான எடம்னு நீ சொன்ன."

உமாவுக்குக் கோபத்துக்கு நடுவிலும் ஒரு ஆசை எழுந்தது. விளக்கிச் சொல்லியே ஆக வேண்டும் என்கிற ஆசை. அவளுடைய பிறவிக் குணம் அது. "சந்தனத்தக் கொழச்சு வச்சா அந்தத் தண்ணி தகட்டுக்குள்ள எறங்கும். அருவி மோட்டாரு வேற பக்கத்துலயே ஈரத்த எறைக்கு. ஒரு வருசம் மூடி வச்சா உள்ள களிம்பு பிடிச்சிரும். பாருங்க" என்று ஒரு தகட்டைக் கழற்றிக் காட்டினாள். உள்ளே பித்தளைச் சொம்பின் கழுத்தைப் போலப் பச்சை படிந்திருந்தது.

மதினி எட்டிப் பார்த்துவிட்டு, "சரி சரி, தொடச்சுப் போடு. எனக்குச் சுண்டலுக்குத் தாளிக்கணும்" என்று உள்ளே போய்விட்டாள்.

தொடச்சுப் போடு. அந்தக் கணத்தில் மனசில் மிச்சம் மீதி இருந்த தயக்கமும் போனது.

முதலில் வேலையை ஒழுங்காகச் செய்தாள். தகடுகளைக் கழற்றி அரத்தால் உராய்ந்தாள். தண்டவாளத்தின் முகத்தை ரப்பரால் தேய்த்தாள். ஸ்டேஷனிலிருந்து பாலத்தின் மறுபக்கம் வரை நேராக ஒரு ஜோடி வயரைப் பலகைக்கு அடியில் இழுத்துப் பற்றவைத்தாள். இனிக் கடைமடைக்கும் தனி மதகு. ரயிலை விட்டுப் பார்த்தாள். பாலத்தில் பட்டுப்போல ஏறி இறங்கியது.

அதற்கப்புறம் தனக்கான வேலையைத் தொடங்கினாள். குகைக்குள் இருக்கும் தண்டவாளத்துண்டின் இரண்டு முனையிலும், ஒரு பக்கத்துப் பித்தளைத் தகட்டை மட்டும் உருவிவிட்டு, பிளாஸ்டிக் தகட்டைச் செருகினாள். பிளாஸ்டிக் வழியாகக் கரண்ட் தாண்டாது. இப்போது குகை மட்டும் தனித் தீவு. அந்தத் தீவுக்கு ஒரே ஒரு வயர் கொடுத்து, அதன் நடுவில் பெட் சுவிட்சை வைத்தாள். சுவிட்ச் போட்டிருந்தால் ரயில் எதுவும் நடக்காதது மாதிரி ஓடும். அணைத்திருந்தால் குகைக்குள் போன எஞ்சின் அங்கேயே நிற்கும். வெளியே இருக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சுவிட்சை மேசை விரிப்பின் மடிப்புக்குள் தொங்கவிட்டாள். பக்கத்தில் நின்றால் கை எட்டும்.

மன்றத்துக்காரர்கள் வந்தார்கள். ஹைருன் பீவி, கடையநல்லூரில் பிசிக்ஸ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், முன்னால் வந்தார். கூட ஆனந்தவள்ளி என்ற மன்றச் செயலாளர். பின்னால் அதே லோக்கல் சேனல் பெண் ஹஃப்சா, கேமராவோடு.

"இதுதான் அந்த ரயிலா? நீங்களே செஞ்சதுன்னு போன வருசம் பாத்தேன்" என்றார் ஹைருன் பீவி.

"ஆமா டீச்சர்" என்று இராமலட்சுமி கண்ட்ரோலரின் திருகைத் திருப்பினாள்.

ரயில் செங்கோட்டையை விட்டுக் கிளம்பியது. பாலத்தில் ஏறியது. ஆனந்தவள்ளி கைதட்டினார். எஞ்சின் குகைக்குள் நுழைந்தது. கடைசிப் பெட்டி பாதி வெளியே இருக்க, நின்றது.

இராமலட்சுமி திருகை இன்னும் திருப்பினாள். ஒன்றும் அசையவில்லை. அவள் பார்வை ஒரு தடவை உமா மேல் பட்டு மீண்டது. உமா முகத்தில் எதையும் காட்டவில்லை. ஆனால் மதினியும் லேசுப்பட்ட ஆள் இல்லை.

"மழைக்காலத்துல குகைப் பக்கம் மண்ணு சரியும்லா டீச்சர். அதுக்காகத்தான் நிப்பாட்டி வச்சிருக்கேன். நெசமா இருக்கணும்னு" என்றாள்.

"அடடா" என்றார் ஆனந்தவள்ளி. "என்னமா யோசிச்சிருக்கிய."

உமாவுக்குள் சுரீர் என்றது. தான் வைத்த கண்ணியிலிருந்தே மதினி மாலை கட்டிப் போட்டுக்கொள்கிறாள். இருக்கட்டும். சுவிட்ச் தன் விரலுக்கடியில்தான் இருக்கிறது.

ஹைருன் பீவி குகை வாயில் குனிந்து பார்த்தார். "பாலத்துல வெளக்கு எரியுது. அப்ப லைன்ல கரண்ட் இருக்கு. உள்ள மட்டும் எப்படி நிக்க வச்சிய? தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு."

"அது... உள்ள ஒரு இது இருக்கு டீச்சர்."

"எது?"

"ஒரு செட்டிங்."

"சரி. எப்பக் கெளம்பும்?"

இராமலட்சுமி உமாவின் பக்கம் திரும்பினாள். "உமா, நீ சொல்லேன்" என்றாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"நான் என்னத்தச் சொல்ல மதினி? நீங்க செஞ்சது. ஒயர் எடுத்துக் குடுக்கவளுக்கு என்ன தெரியும்?"

ஹஃப்சாவின் கேமரா ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் திரும்பியது. இராமலட்சுமியின் மூக்குத்திக்கு மேலே வேர்வை அரும்பியது. உமா அதை ஒவ்வொரு துளியாகப் பார்த்தாள். ஒரு வருஷமாக இப்படி ஒரு ருசியை நாக்கு அறியவில்லை.

"இவ சொன்னாத்தான் கெளம்பும்" என்றாள் மதினி கடைசியில்.

"ஏன்?" என்றார் டீச்சர்.

"இவ செஞ்சது."

"இந்தச் செட்டிங்கா?"

"எல்லாமும். பாலம், மலை, ரயில், எல்லாமும். நான் பொம்ம மட்டுந்தான் அடுக்குனேன்."

மடிப்புக்குள் உமாவின் கட்டைவிரல் அழுந்தியது. எஞ்சின் உறுமியது, குகைக்கு மறுவாய் வழியாக வெளியே வந்தது. டீச்சர் உமாவின் பக்கம் வந்து அரை மணி நேரம் கேள்வி கேட்டார். உமா எல்லாவற்றையும் சொன்னாள், சுவிட்ச் என்றைக்கு வைத்தது என்பதைத் தவிர.

விருந்தாளிகளுக்கு வெற்றிலை, பாக்கு, மஞ்சள் கிழங்கு, சுண்டல் எல்லாம் வைத்துக் குங்குமம் கொடுத்து அனுப்பினாள் இராமலட்சுமி. அவர்கள் போனதும் நேராக வந்து மேசை விரிப்பைத் தூக்கினாள்.

"காலைல இது இங்கன கெடையாது."

"ஆமா."

"நீ கையில வச்சுக்கிட்டே நின்ன."

"ஆமா. எப்படின்னு சொல்லவா?" என்ற உமா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பிளாஸ்டிக் தகடு, தனித் தீவு, ஒற்றை வயர், எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். "இந்த ரெண்டு முனையும் சேந்தா ரயில் ஓடும். பிரிஞ்சா நிக்கும். அம்புட்டுத்தான்."

மதினி இமைக்காமல் கேட்டாள். பிறகு குங்குமச் சிமிழை மூடினாள். தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கொலுவுக்கு வந்த சுமங்கலிக்கு, அதுவும் வீட்டுப் பெண்ணுக்கு, குங்குமம் கொடுக்காமல் அனுப்புவது என்றால் என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

உமா மறுபடி மேசைக்கு அடியில் போனாள். சுவிட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். வயரின் இரண்டு முனையையும் பிரித்து, தள்ளித் தள்ளித் தொங்கவிட்டாள். நவராத்திரி முடிய இன்னும் நாள் இருக்கிறது. ஊரே பார்க்க வரும். ரயில் குகைக்குள் போகும், போனது போனதுதான். மதினி போன் பண்ணட்டும்.

செருப்பை மாட்டும்போதே அடுத்த கூட்டம் உள்ளே வந்துவிட்டது. கண்ட்ரோலரின் திருகு திரும்பும் சத்தம். குழந்தைகளின் கூச்சல். பிறகு எஞ்சின் சத்தம் நின்றது. உமா அவசரப்படாமல் வாரை இழுத்து மாட்டினாள்.

ஜன்னல் வழியாக மேசை விரிப்பு அசைவது தெரிந்தது. அதற்கடியில் பட்டுச்சேலையின் கரை தரையில் இழுபட்டு உள்ளே மறைந்தது. உமா மற்றச் செருப்பைக் கையில் பிடித்தபடியே நின்றாள். கொஞ்ச நேரத்தில் எஞ்சினின் உறுமல் மறுபடி கேட்டது. குழந்தைகள் கத்தினார்கள்.

மதினி கேட்டிருக்கிறாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள். உமாவுக்கு எரிச்சலாக வந்தது. அதோடு கூடவே, இத்தனை வருஷத்தில் யாருக்கு விளக்கியபோதும் கிடைக்காத ஒரு திருப்தியும் வந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

நெற்றியில் ஒட்டடையோடு இராமலட்சுமி ஜன்னலுக்கு வந்தாள்.

"ஏட்டி, அந்தச் சுவிட்சக் குடுத்துட்டுப் போ."

"எதுக்கு?"

"அடுத்த வருசம் நீ ஓட்டிக் காட்டும்போது நான் மேச பக்கத்துல நிக்கணும்."

"தர முடியாது மதினி" என்றாள் உமா. வண்டியைக் கிளப்பினாள்.