மைனஸ் எண்பதில் ஒரு குப்பி

…சாத்தினேனா? இடுப்பால் ஓர் இடி, அப்புறம் கைப்பிடியை அழுத்தி, ஆமாம், சாத்தினேன், ஆனால் அது இந்த வெள்ளிக்கிழமையா, போன வெள்ளிக்கிழமையா, எல்லா வெள்ளியும் ஒன்றுபோலத்தானே இருந்து தொலைக்கின்றன… ஐலி காபிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி பனித்திடலைப் பார்த்தாள், அக்கா மகள் கைசா மட்டையோடு பறந்துகொண்டிருந்தாள், ஞாயிற்றுக்கிழமை ஐஸ் ஹாக்கி ஆட்டம், தண்டர் பே ஊரில் பாதிப் பேர் இங்கேதான், அவள் மனம் மட்டும் அவள் வேலை பார்க்கும் ஆய்வகத்து மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர் முன்னால் நின்றது. உள்ளே படிந்த பனியைச் சுரண்டக் கதவைத் திறந்துவைத்தால் அலாரம் உயிரை வாங்கும், அதனால் எல்லோரும் அதை அணைத்துவிட்டுத்தான் சுரண்டுவார்கள், முடிந்ததும் திரும்பப் போட வேண்டும், போட்டேனா… போடவில்லை, சத்தியமாகப் போடவில்லை, கூட வேலை பார்க்கும் மார்செல் பிறந்தநாள் கேக் வெட்டக் கூப்பிட்டான், ஓடிவிட்டேன், பாழாய்ப்போன கேக். கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தாலும் போச்சு, இந்நேரம் எல்லாம் உருகியிருக்கும், உருகிய குப்பியைப் பரிசோதனைக்குச் சேர்க்கமாட்டார்கள், அந்தக் குப்பிகளில் ஒன்று ஹெல்மி அக்காவுடையது. பல வருஷம் முன்பு அவள் கருப்பை வாயிலிருந்து எடுத்தது, அன்று நுண்ணோக்கியில் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள், அக்கா சந்தோஷத்தில் ஆப்பிள் பை சுட்டு எல்லோருக்கும் கொடுத்தாள், அப்புறம் புற்று, அப்புறம் சவப்பெட்டி… மிச்சம் வைத்ததில் அப்போதே அந்தப் புற்றை உண்டாக்கும் வைரஸின் டி.என்.ஏ. இருந்ததா என்று நாளைக்குத்தான் பார்க்கப்போகிறார்கள்.

இடைவேளையில் கைசா தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். “சித்தி, நாளைக்குத்தானே அம்மாவோடது? எனக்குத் தெரிஞ்சே ஆகணும்.” ஆமாடி கண்ணு என்றாள் ஐலி. “என்ன மூஞ்சி இப்பிடி இருக்கு? தோத்துக்கிட்டிருக்கிறது நாங்க, நீங்க ஏன் அழறீங்க?” எப்படிச் சொல்வது, உன் அம்மாவை நானே உருக்கிவிட்டேன் என்று இவளிடம் எந்த வாயால் சொல்வது… அவள் திடலுக்குப் போனதும் ஐலி மார்செலை ஃபோனில் அழைத்தாள், இன்று அவன்தான் பணியில்.

“ஏம்மா தாயே, ஞாயித்துக்கிழமையும் உனக்கு ஃப்ரீசர் கனவுதானா?” காலடிச் சத்தம், மூச்சு, ஏன் இவ்வளவு நேரம்… “கதவு கெட்டியாத்தான் சாத்தியிருக்கு. வெள்ளிக்கிழமைலேருந்து மைனஸ் எண்பதுதான், அசையவே இல்ல. அலாரம்தான் அணைஞ்சு கிடந்துச்சு, போட்டுட்டேன். போய் ஆட்டத்தப் பாரு.”

அப்பாடா. அப்பாடா என்றுதானே சொல்ல வேண்டும், சொல்லேன்… குப்பி கல்லாக உறைந்து பத்திரமாக இருக்கிறது, நாளை சொல்லிவிடும், வைரஸ் அப்போதே இருந்தது என்றால்? அன்றைக்கே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளே, அதைத் தெரிந்துகொண்டு இந்தப் பெண் என்ன செய்வாள், நான் என்ன செய்வேன்… நெஞ்சு ஏன் இன்னும் கனக்கிறது? காலையிலிருந்து எதற்குப் பயந்தேன்? கைசா திடலிலிருந்து மட்டையைத் தூக்கிக் காட்டினாள், ஐலியும் கையை உயர்த்தினாள். அந்தக் கதவு திறந்தே கிடந்திருக்கக் கூடாதா என்று இருந்தது அவளுக்கு.