வராதவர்களின் சம்மதம்

ஆழ்வார்பேட்டையில் ஒரு பள்ளியின் மாடி அறையில் சனிக்கிழமைதோறும் பதினோரு பேர் கூடினார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. மாணவர் விவரத்தை ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு விதமாக எழுதிவந்தது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே படிவத்தை உருவாக்குவதுதான் வேலை. பெரும்பாக்கத்தில் மாலை வகுப்பு நடத்தும் நிஷாவும் அதில் ஒருத்தி. கூட்டக் குறிப்பு எழுதுவதும் அவள்தான்.

அவள் கேட்டது ஒரே ஒரு வரி. ‘படிப்பு நின்ற காரணம்’ பட்டியலில் ‘வீடு இடிக்கப்பட்டு இடம் மாற்றப்பட்டவர்’ என்று சேர்க்க வேண்டும். ஆற்றங்கரையிலிருந்து அவள் குடும்பத்தோடு லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்தில் இறக்கப்பட்ட குடும்பங்களின் பதினான்கு பிள்ளைகள், பழைய பள்ளி தூரமாகிவிட்டதால் படிப்பை விட்டிருந்தார்கள். அந்தக் காரணம் படிவத்தில் பதிவானால் வேன் விட ஓர் அறக்கட்டளை தயாராக இருந்தது.

“அது அரசியல்மா, படிவத்துல எதுக்கு?” என்றார் தாளாளர் துரைராஜ். அடுத்த சனிக்கிழமை நான்கு மணிக்கு முடிவு செய்வதாகக் கூட்டத் தலைவர் ஷரஃபுதீன் சொன்னார்.

அன்று நிஷா இரண்டு மணிக்கே பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். பேருந்து வரவில்லை. அவள் மாடியேறியபோது மணி ஐந்தேகால். வடைத் தட்டுகள் காலி.

“முடிஞ்சிடுச்சும்மா. அந்த வரியை எடுத்தாச்சு,” என்றார் ஷரஃபுதீன்.

“நான் ஒத்துக்கலையே சார்!”

அவர் குறிப்பேட்டைப் புரட்டி அவள் பக்கம் நகர்த்தினார். ஜூன் மாதம், அவள் கையெழுத்து: ‘வராதவர் ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும். முன்மொழிந்தவர்: நிஷா.’ ஆள் வராமல் வேலை இழுக்கிறதே என்று அவளே கொண்டுவந்த விதி. அளவுகோல் வைத்து அடிக்கோடும் போட்டிருந்தாள்.

“உன் ரூலுதாம்மா,” என்று சிரித்தார் துரைராஜ். “திட்டுறதுன்னா பஸ்ஸைத் திட்டு.”

அச்சான படிவத்தின் முதல் பக்கத்தில் ‘ஒருமனதாக ஏற்றவர்கள்’ என்ற தலைப்பின் கீழ் அவள் பெயர் நான்காவதாக இருந்தது.

மறுவாரம் அவள் வீட்டில் அந்தப் பதினான்கு பிள்ளைகளின் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு முத்தம்மா வாசலில் வந்து நின்றாள்.

“இன்னா நிஷா, வேன் எப்போ வருது? எம்பொண்ணு பையைத் தோச்சிக் காயப் போட்டுக்கீறா.”

“எழுதிக்கினுதான் இருக்கேன்கா.”

“நல்லா எழுது. நீ அங்க உக்காந்துக்கினு கீறேன்னுதான் எங்களுக்கு தைரியமே.”

பட்டியலில் நான்கே காரணங்கள்: நோய், திருமணம், வேலை, ஆர்வமின்மை. கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் செல்லாது. முத்தம்மா மகளின் பெயரை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துவிட்டு, நிஷா நான்காவதைத் தேர்ந்தெடுத்தாள்.