எண்பத்தேழு சதவீதம் ஆண்

அந்த அக்கா மூன்றாவது முறையாக வந்தபோது எங்கள் அதிகாரி கழிவறைப் பக்கம் நழுவிவிட்டார். பதில் சொல்கிற வேலை வழக்கம்போல என் தலையில் விழுந்தது. இந்த ஆய்வகத்தில் எலும்புகளை அளந்து அளவுகளைக் கணினியில் ஏற்றுவதுதான் என் வேலை. உயிரோடு இருக்கிறவர்களைச் சமாளிப்பதற்குச் சம்பளம் கிடையாது.

அவளுடைய தங்கை காணாமல் போய் இரண்டு வருஷம். யாரோடோ ஓடிவிட்டாள் என்று புருஷன் சொன்னான், ஊரும் வாயைப் பிளந்து நம்பியது. அவன் வேறு கல்யாணமும் செய்துகொண்டான். போன மாதம் அவன் வீட்டுப் பின்புறம் கழிவுநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டியபோது எலும்புக்கூடு கிடைத்தது. இடுப்பெலும்பு இருந்திருந்தால் ஆணா பெண்ணா என்று நானே சொல்லியிருப்பேன். அதை மண்வாரி இயந்திரம் நொறுக்கித் தள்ளிவிட்டது. மிஞ்சிய மண்டையோட்டை அளந்து கொடுத்தேன். எண்பத்தேழு சதவீதம் ஆண் என்றது கணினி. எந்த ஊர் மண்டையோடுகளைப் பார்த்து அது படித்ததோ, விற்றவர்கள் சொல்லவில்லை, வாங்கியவர்கள் கேட்கவுமில்லை. ஆண் என்று ஆகிவிட்டதால் காணாமல் போன பெண்ணின் வழக்கோடு அதைச் சேர்க்க முடியாதாம். சேர்க்காமல் மரபணுச் சோதனைக்கு அனுப்ப முடியாதாம். புருஷன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடமாடுகிறான்.

இதையே மறுபடியும் ஒப்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கொண்டை ஊசியை உருவி, முக்காலியில் உட்கார்ந்தாள்.

“என் தலைய அளந்து பாரும்மா. எங்க ரெண்டு பேருக்கும் அப்பா மண்டை. சின்ன வயசுல இதச் சொல்லியே எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க.”

விதிப்படி கூடாது. இருந்தும் மண்டையோடு அளக்கிற காலிப்பரை எடுத்துவிட்டேன். புருவ மேடு, தாடை, காதுக்குப் பின்னால் புடைத்திருக்கும் எலும்பு. தோலுக்கும் சதைக்கும் குத்துமதிப்பாகக் கொஞ்சம் கழித்துக்கொண்டேன். குளிர்ந்த முனை நெற்றியில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அவளையும் இப்படித்தான் புடிச்சியா?”

“ஆமாக்கா.”

“மெதுவாத்தான் புடிக்கற.”

அளவுகளை ஏற்றினேன். தொண்ணூற்றொரு சதவீதம் ஆண் என்று வந்தது. தங்கையைவிட அக்கா நாலு சதவீதம் கூடுதல் ஆண்.

மூன்று பிள்ளை பெற்ற அந்த அக்கா திரையை எட்டிப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆபத்து ஓய்ந்தது என்று நினைத்து அதிகாரி அப்போதுதான் உள்ளே வந்தார். திரையைக் காட்டினேன். அவருக்கு முகம் தொங்கிப்போனது.

“உயிரோட இருக்கறவங்களுக்கு இது செல்லாதும்மா.”

“செத்தவங்களுக்கு மட்டும் எப்படி சார் செல்லுது?”

அவர் என் தோளுக்கு மேலாகக் கைநீட்டி அவளுடைய பதிவை அழித்தார். அதற்கு ஒரு பொத்தான் போதும். தங்கையின் பதிவைத் திருத்த மட்டும் மேலிடத்தைக் கேட்க வேண்டுமாம், மேலிடம் கணினியைத்தான் கேட்குமாம். அடுத்த எலும்புப் பெட்டியைத் திற என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

காலிப்பரின் முனைகளைப் பஞ்சால் துடைத்தேன். எங்கிருந்தோ வந்த ஒரு மண்டையோட்டை எடுத்து மேசையில் வைத்தேன். அவள் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவிழ்ந்த கூந்தலோடு, கண்ணை மூடி, நெற்றியை எனக்கு நேராக நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.