நிறைந்து வந்த ஜாடி

போடியில் வீரலட்சுமியின் ஊறுகாய்க்கு ஒரு பேர் இருந்தது. தெருவில் யார் வீட்டில் விருந்தென்றாலும் ஒரு கிண்ணம் கேட்டு வருவார்கள். ஆனால் அவள் ஊறுகாய் போட்டதெல்லாம் ஒருத்தனுக்காகத்தான். புருஷன் சுருளிவேல் மலைமேலே கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். எப்போதாவது இறங்குவான், சட்டை துவைத்துக் காய்வதற்குள் திரும்பவும் ஏறிவிடுவான். “மேல குவார்ட்டர்ஸ் குடுக்கட்டும், ஒன்னையும் கூட்டிட்டுப் போயிர்றேன்” என்று கல்யாணமான புதிதில் சொன்னான். ஆறு வருஷமாக அந்தக் குவார்ட்டர்ஸுக்கு யாரும் ஓடு போடவில்லை.

அவளுக்குப் பதிலாக ஜாடிதான் மலையேறியது. வெள்ளையும் பழுப்புமான பீங்கான் ஜாடி, வாயில் வெள்ளைத் துணி, அதன்மேல் சணல் கட்டு. தோட்டத்து ஜீப்பில் நிறைந்து ஏறும். காலியாக, கழுவாமல், அடியில் மசாலா காய்ந்து ஒட்டியபடி இறங்கும். ஆம்பளை கழுவவா போகிறான் என்று அந்தக் காய்ந்த மசாலாவைச் சுரண்டுவதில்கூட அவளுக்கு ஒரு சந்தோஷம்.

எழுபத்தெட்டாம் வருஷம் தை முடிவில் மேலேயிருந்து சொல்லி வந்தது: காரம் வேண்டாம், நல்ல புளிப்பாக அனுப்பு. வயிற்றுப்புண்ணோ என்று பதறிப்போனாள். நார்த்தங்காயைச் சுருள் சுருளாக அரிந்து உப்பில் ஊறவைத்து வெயில் காட்டினாள். பிஞ்சு மாவடுவாகப் பார்த்து வாங்கி, அடிபட்டதைக் கழித்து, விளக்கெண்ணெய் தடவி உப்பில் போட்டாள். அனுப்ப அனுப்பக் காலியானது. மாமியார் ஜக்கம்மாள் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று, “இன்னும் ரெண்டு கை அள்ளிப் போடு ஆத்தா, தின்னுட்டுப் போகட்டும்” என்றாள். இத்தனை பரிவாக அவள் பேசிக் கேட்டதே இல்லை.

ஆனி மாதம் வழக்கமான டிரைவருக்குக் காய்ச்சல். புதிதாக ஜீப் ஓட்டிவந்த காசிமாயன் ஜாடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றான்.

“பாத்துப் பிடிங்கக்கா, கனமா இருக்கு.”

பளிச்சென்று கழுவிய ஜாடி. வாயில் வாழையிலையை வாட்டிக் கட்டியிருந்தது. பிரித்தாள். நெய்யும் வெல்லமும் ஏலமும் மணத்தன. பலாச்சுளையைக் கிளறிக் கிளறிக் கருஞ்சிவப்பாக இறுக்கிய சக்க வரட்டி.

“இது யாரு குடுத்தது?”

“ஒங்க தம்பி சம்சாரந்தான், ராக்கு. ‘சேச்சி ஊறுகாய் இல்லேன்னா எனக்குச் சோறே எறங்கியிருக்காது, அவுக ஏனத்த வெறுமனே அனுப்பலாமா’ன்னு, மாசமா இருக்க பொண்ணு நாளெல்லாம் அடுப்படியில நின்னு கிண்டுச்சு. எப்பவும் அவருதான் ஜாடியத் தூக்கி ஜீப்புல போட்ருவாராம். இந்தத் தடவ எங்கையில நேராக் குடுத்துருச்சு.”

“எந்தத் தம்பி?”

“சுருளிவேலு அண்ணந்தான். நீங்க அவருக்கு அக்கா தான?”

“ஏப்பா, ஒஞ்சோலியப் பாத்துட்டுக் கெளம்பு” என்று பின்னாலிருந்து ஜக்கம்மாளின் குரல் வந்தது.

ஜீப் தெருவைத் தாண்டும்வரை பொறுத்திருந்தாள் ஜக்கம்மாள். பிறகு ஜாடிக்குள் விரலை விட்டு வழித்து நக்கினாள்.

“பதமாத்தான் கிண்டியிருக்கா. கங்காணி மகளானாலும் நல்ல கை.”

“ஒங்களுக்கு முன்னமே தெரியுமா அத்தை?”

“தெரியாமயா? ஏழு மாசம். நானும் ஒன் வயித்த எத்தன வருசம் பாக்குறது? ஒங்கிட்ட ஊறுனது ஊறுகாய் மட்டுந்தான். எம்மகன் என்னடி செய்வான்?”

“புளிப்பா வேணும்னு கேட்டாரே...”

“மசக்கைக்காரி வேற என்னத்தக் கேப்பா?”

சொல்லிவிட்டு ஜக்கம்மாள் சிரித்தாள். வன்மமாகச் சிரித்திருந்தால்கூடத் தேவலை. நல்ல வேடிக்கையைக் கேட்டவள்போல், வயிறு குலுங்கச் சிரித்தாள்.

“என்னய ஏன் அக்கான்னு சொன்னாரு?”

“பொண்டாட்டின்னு சொன்னா கங்காணி பொண்ணு குடுப்பானா? இந்தா, மூக்கச் சிந்தி ஊரக் கூட்டாத. ஒன்ன யாரு வெரட்டுனா? சோறு இருக்கு, அடுப்படி இருக்கு. வர்ற வெள்ளிக்கெழம மேல அவளுக்கு வளையல் போடுறோம். நாந்தான் முன்ன நிக்கணும். ஒன் காலு அங்க படக்கூடாது. மாவடுவ மட்டும் கொண்டாரச் சொன்னான். ஜாடிய நெறச்சு வையி.”

மாமியார் உறங்கப் போன மத்தியானத்தில் வீரலட்சுமி வரட்டியில் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டாள். இதைக் கிண்டும் கை மூச்சுவிட நின்றால் போதும், அடிப்பிடித்துவிடும். துளி தீய்ந்த வாடை இல்லை. நிறைந்த வயிற்றோடு அனலில் நின்று, கண்ணால் பார்த்திராத நாத்தனாருக்காக ஒருத்தி தோள் வலிக்கக் கிண்டியிருக்கிறாள். இந்தக் குடும்பத்தில் வாழ வந்த நாளிலிருந்து வீரலட்சுமிக்கென்று ஒருவர் செய்து கொடுத்த முதல் பண்டம் அதுதான். புருஷனைத் திட்டலாம், மாமியாரை மண்ணள்ளித் தூற்றலாம். இவளை என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை வரை யோசித்தாள். ஒருவேளை யோசிக்காமலும் இருந்திருக்கலாம். உப்பில் கிடந்த மாவடுவில் நல்லதாகப் பொறுக்குவதிலேயே இருந்தாள்.

ஜீப்பில் முன்சீட்டில் பட்டுச்சேலையோடு ஜக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். பின்னால் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்திருந்தார்கள். வீரலட்சுமி ஜாடியை மாமியார் மடியில் வைத்து, சணல் கட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, காசிமாயன் பக்கம் திரும்பினாள். பின்சீட்டுக்கும் கேட்கும்படி நிதானமாகப் பேசினாள்.

“அண்ணே, ராக்குகிட்டச் சொல்லுங்க. வரட்டி ரொம்ப நல்லாருந்துச்சு. ஊறுகாய் போட்டது நாத்தனா இல்ல, சுருளிவேல் தாலி கட்டுன பொண்டாட்டின்னும் சொல்லுங்க.”

பின்னாலிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். காசிமாயன் சொல்லாவிட்டாலும் அந்தப் பெண்களில் ஒருத்தி போதும், ஜீப் நிற்குமுன் சேதி இறங்கிவிடும்.

“அடி பாவி, புள்ளத்தாச்சிடீ அவ!” என்று ஜக்கம்மாள் அலறினாள்.

“தெரியும் அத்தை. அவளுக்குத்தான மாவடு போட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை காசிமாயன் மட்டும் வந்தான். ஜாடியை ஒற்றைக் கையில் பிடித்திருந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“ராக்கு மாவடு பூராத்தையும் வாசல்ல கொட்டிருச்சுக்கா. போட்ட வளையலக் கழட்டி ஒங்க மாமியா மடியில வீசிட்டு, அப்பன் வீட்டுக்குப் போயிருச்சு. சுருளிவேலு அண்ணன் இன்னைக்குச் சாயங்காலம் எறங்குறாரு. அதுக்குள்ள ஒங்களச் சிலமலைக்கே போயிரச் சொன்னாரு.”

அவள் பிறந்த ஊரான சிலமலையில் அவளுடைய அண்ணன் வீடு இருந்தது, அண்ணிக்கும் ஒரு வாய் இருந்தது. வீரலட்சுமி அதைப் பற்றிக் கேட்கவில்லை.

“அந்தப் பிள்ளைக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“வயித்தப் பிடிச்சுக்கிட்டே நடந்துச்சு. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுக்கா.”

வெள்ளிக்கிழமை ஜீப்பருகே சொல்லும்போதே இது நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

அவன் போனபின் துணியை அவிழ்த்து உள்ளே பார்த்தாள். ஏனத்தை வெறுமனே அனுப்பக்கூடாது என்று நினைத்தவள், ஒரு உப்புக்கல்கூட ஒட்டாமல் கழுவித் துடைத்து அனுப்பியிருந்தாள்.