எட்டிப் பார்க்க ஒரு கதவு

தம்பி டிட்சியானோவின் மஞ்சள் கார் மூன்றே நொடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும். சதுக்கத்தில் காபி குடிக்க வந்த அத்தனை பேரிடமும் அதைச் சொல்லி முடித்துவிட்டான். அக்கா ஒர்னெல்லாவின் திறந்த கார் அவளைவிட இரண்டு வயது மூத்தது. கூரை என்று பேருக்கு ஒரு கித்தான். அப்பா விட்டுப்போன வண்டி, இருவர் பேரிலும் இருந்தது, வம்பே அங்கேதான். திங்கட்கிழமை சூரிக்கிலிருந்து ஆள் வாங்க வருகிறார் என்றான் தம்பி. செத்தாலும் விற்கமாட்டேன் என்றாள் அக்கா. மாதா கோயில் திருவிழாக் கார் ஓட்டத்தில் ஜெயிப்பவர் சொன்னபடி செய்வது என்று ஒருவழியாக முடிவாயிற்று.

அந்த மலை ஓட்டத்தில் வேகத்துக்கு மதிப்பே கிடையாது. பதினோரு கிலோமீட்டரைச் சரியாகப் பதினெட்டு நிமிடத்தில் முடிக்க வேண்டும். உச்சியில் சாலைக்குக் குறுக்கே ரப்பர் குழாய் கிடக்கும். முன்சக்கரம் அதை மிதிக்கும் கணம்தான் கணக்கு. முந்தினாலும் பிந்தினாலும், நொடியில் நூறில் ஒரு பங்குக்கு ஒரு புள்ளி அபராதம். குழாய் கண்ணில் பட்டபின் வண்டி நிற்கவும் கூடாது.

நேரம் எண்ண ஓர் ஆளைக் கூட ஏற்றிக்கொள்ளலாம். டிட்சியானோவின் மனைவி லொரெட்டா நேராக வந்து நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ யார் கட்சிடி?" என்றான் அவன்.

"உங்க வண்டிதான் எல்லாத்தையும் தானாப் பண்ணுமே. உங்க அக்காவுக்குத்தான் ஆள் வேணும்."

"போங்க, போங்க. தலை கலைஞ்சு போய் வந்து நில்லுங்க," என்று தன் தலையைத் தடவிக்கொண்டு கிளம்பினான்.

ஒர்னெல்லாவுக்குத் துளியும் பதற்றமில்லை. அந்த மலையின் ஒவ்வொரு வளைவும் அவள் கைக்கு அத்துப்படி. எஞ்சின் இருமியது, திட்டியது, ஏறியது. கடைசித் திருப்பம் தாண்டிக் குழாய் தெரிந்ததும் வண்டியை நடைவேகத்துக்கு இறக்கினாள். முழங்கை உயரத்துக்கு வெட்டிய கதவு அது. இடுப்புவரை வெளியே சாய்ந்தாள். கூந்தல் முகத்தில் அடித்தது. கீழே சக்கரம், அதற்கு ஒரு முழம் முன்னால் குழாய், இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. லொரெட்டா நிதானமாக எண்ணிக்கொண்டு வந்தாள். "ரெண்டு, ஒண்ணு, இப்ப." சக்கரம் குழாயில் ஏறியது.

அபராதம், ஒர்னெல்லாவுக்கு மூன்று. டிட்சியானோவுக்கு ஐம்பத்தெட்டு.

தன் காரின் திரையில் நேரம் துல்லியமாக இருந்தது என்று அவன் சண்டைக்குப் போனான். நேரம் குறித்த கடிகாரக்காரர் கோபப்படவில்லை, அந்தக் கணத்தில் உங்கள் சக்கரம் எங்கே இருந்தது என்று மட்டும் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. பள்ளத்தில் புதைந்ததுபோல் உட்கார்ந்து ஓட்டும் வண்டி. பத்தடிக்கு முன்பே குழாய் அதன் மூக்குக்கு அடியில் மறைந்துவிட்டிருந்தது.

ஆனால் டிட்சியானோ வாக்குத் தவறாதவன். எல்லோர் முன்னிலையிலும் சூரிக்குக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றான்.

போனை வைத்தவன் பழைய வண்டியின் கதவில் கையை ஊன்றிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இறங்கும்போது நான் ஓட்டட்டுமா?"

"பக்கத்துல உக்காரு. முதல்ல எண்ணக் கத்துக்கோ."

லொரெட்டா ஏற்கெனவே இறங்கியிருந்தாள். மஞ்சள் காரின் சாவிக்காகக் கணவனிடம் கையை நீட்டினாள்.