பொம்மைக்கு வலிக்காது

“தோளை இழுக்காதே, இடுப்பைத் தள்ளு” என்று பயிற்சிக்காரி சொல்லிக்கொண்டிருந்தபோது மகள் தண்ணீர்க் குவளையுடன் அறைக்குள் வந்தாள். கட்டிலின் இரு பக்கமும் வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்த இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். நடுவில் அம்மா, பாதி புரண்டபடி மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள்.

படுத்த படுக்கையானவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்துக்கொள்ளும் தொண்டு நிறுவனத்தில்தான் அவர்கள் சேர்ந்திருந்தார்கள். அங்கே சேர்பவர்களுக்கெல்லாம் வேலை கற்றுக்கொடுத்தவள் அம்மாதான். எந்நேரமும் நோயாளியைத் ‘திருப்பு, திருப்பு’ என்பதால் திருப்பம்மா என்று பட்டப்பெயர். தனக்கே நோய் முற்றியதும், இனி என்னை வைத்தே பழகுங்கள் என்று சொல்லிவிட்டாள். மகள் சண்டை போட்டாள். பழகுவதற்கு ஆபீசில் ரப்பர் பொம்மை இருக்கிறதே என்றாள்.

“பொம்மைக்கு வலிக்காதுடி. வலிக்காத உடம்புல என்னத்தக் கத்துக்குவாங்க?”

அதிலிருந்து தினமும் காலையில் ஒரு கும்பல். சொந்த வீட்டில் மகளுக்குக் கட்டிலருகே நிற்க இடம் இல்லாமல் போயிற்று. இந்தப் பயிற்சிக்காரி அம்மாவிடம் முதன்முதலாகக் கற்றவள். ‘என் மூத்த பொண்ணு’ என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். பெற்றது ஒன்றுதான் என்று மகள் யாரிடமும் போய்த் திருத்திக்கொண்டிருக்கவில்லை. மனதுக்குள் மகளும் இவளை ‘மூத்தவள்’ என்றே சொல்லிக்கொண்டாள், பல்லைக் கடித்தபடி.

இன்று அம்மாவின் பாதங்கள் சில்லிட்டுவிட்டன. சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்குப் பிறகும் இவர்கள் வந்திருந்தார்கள்.

புதியவர்களில் குள்ளமான பெண் கையை மாற்றி வைத்துத் தோளை இழுத்தாள். அம்மா முனகினாள். இந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பாகத் தொட்டால் இப்படித்தான் வரும் என்று மூத்தவள் விளக்கினாள்.

மகள் குவளையை ஜன்னலில் வைத்தாள்.

“பாடம் முடிஞ்சுது. கிளம்புங்க.”

“இப்படிப் பாதியில விட்டா அம்மாவுக்கு மூச்சு முட்டும்.”

“யாருக்கு அம்மா? எனக்குத்தான் அம்மா. உனக்கு, ரப்பருக்குப் பதிலா கிடைச்ச பொம்மை. வெளிய போ.”

மூத்தவள் முதுகுக்குத் தலையணை கொடுக்கப் போனாள். மகள் அதைப் பிடுங்கித் தரையில் போட்டாள். மூன்று பேரும் போனார்கள். அவள் தாழ்ப்பாள் போட்டாள்.

அவள் கேட்டது இவ்வளவுதான், அம்மாவோடு தனியாகக் கொஞ்ச நேரம். நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முட்டுக் கொடுக்க ஏதுமில்லாத உடம்பு கட்டில் கம்பியை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தது. தாடை நெஞ்சில் இடித்தது. மூச்சு சிக்கிச் சிக்கி வந்தது.

“அவளக் கூப்பிடு” என்றாள் அம்மா.

“எதுக்கு? நான் இருக்கேன்ல.”

அம்மாவின் கண்கள் கதவையே பார்த்தன. மகள் எழுந்து தோளைப் பற்றி இழுத்தாள். அந்த முனகல் வந்தது. கையை விட்டுவிட்டாள். மறுபடி தொடப் பயமாக இருந்தது. தொடாமல் நின்றாள். சற்று நேரத்தில் மூச்சுச் சத்தமும் நின்றது.

கதவைத் திறந்தபோது மூவரும் மாடிப்படியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் எழுந்தாள்.

“கழுத்து கோணிக்கிட்டு இருக்கு. விறைக்கறதுக்குள்ள நேராக்கணும். எப்படின்னு வாயால சொல்லு. நீ கை வைக்காதே” என்றாள் மகள்.

மூத்தவள் கட்டிலின் கால்மாட்டில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அம்மாவின் முழங்காலை மடக்கச் சொன்னாள். இடுப்பில் கை வைக்கச் சொன்னாள். புதியவர்களிடம் பேசிய அதே குரல். ஒருமுறை, அப்படியில்லை என்று அதட்டக்கூடச் செய்தாள். எனக்குத் தெரியும் என்றாள் மகள். தெரியவில்லை. மறுபடி சொல்லும்வரை காத்திருந்து, இடுப்பைத் தள்ளினாள். உடம்பு லேசாகத் திரும்பியது. எந்தச் சத்தமும் வரவில்லை.

“ஒரு கையைக் கழுத்துக்கு அடியில குடு. இன்னொரு கையால தாடையைத் தாங்கு. அவசரப்படாத.”

குள்ளமான பெண் தரையில் கிடந்த தலையணையை எடுத்துத் தட்டி, தலைக்குக் கீழே சரியாக வைத்தாள். கழுத்து நேராகிவிட்டது. மகள் தன் கையை உருவ வேண்டியதுதான் பாக்கி.

மூத்தவள் அதைச் சொல்லவில்லை. மகள் குனிந்தபடியே நின்றிருந்தாள்.